கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஹேங் ஆகிறதா? தப்பு அப்டேட்டிலா, டிஸ்க்கிலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய லேப்டாப். இரவு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தீர்கள். காலையில் மீட்டிங் நடுவே மவுஸ் நகரவில்லை. அரை நிமிடம் கழித்து தானாகவே சரியாகிறது. மதியம் மறுபடியும் ஹேங். இந்த முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. திரும்ப ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடுகிறது: 'ஐ/ஓ எரர்'.

இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். 'அப்டேட்தான் கெடுத்துடுச்சு' என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வார்கள். இல்லையென்றால், 'டிஸ்க் போச்சு' என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கும் முன்பே கை வைத்தால், 5 வருடப் புகைப்படங்களும் அலுவலக ஃபைல்களும் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்? இதற்கு முன் இப்படி நடந்தபோது உண்மையில் யார் மீது தப்பு இருந்தது? விளக்கமாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

- முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பழுது பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.
- கெர்னலின் பதிவுகளையும் டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' எண்களையும் படியுங்கள்.
- பழைய கெர்னலில் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் போதாது.
- இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கருவிகளைத் தொட வேண்டும்.

கெர்னல் என்பது என்ன? நான் கேட்காமலே அது எப்படி மாறியது?

நீங்கள் பயன்படுத்தும் ஆப்களுக்கும் லேப்டாப்பின் பாகங்களுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்தான் கெர்னல். ஒரு ஃபைலை 'சேவ்' செய்தால், அதை டிஸ்க்கில் எந்த இடத்தில், எப்போது, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதுதான். விண்டோஸுக்கும் கெர்னல் உண்டு, மேக்குக்கும் உண்டு. ஆனால் கெர்னல் தனியாக, எண்ணோடு, கண்ணுக்குத் தெரியும்படி மாறுவது லினக்ஸில்தான்.

லினக்ஸில் சுமார் 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் பதிப்பு வருகிறது. நடுநடுவே திருத்தங்கள் கிட்டத்தட்ட வாரந்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

'நான் உபுண்டு பதிப்பை மாற்றவே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். உபுண்டு 22.04 வந்தபோது அதில் இருந்த கெர்னல் 5.15. அதே 22.04-ஐ டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டு, வழக்கமான அப்டேட்களை மட்டும் போட்டு வந்தவர்களின் கெர்னல் 5.19, 6.2, 6.5, 6.8 என்று மாறிக்கொண்டே வந்தது. புதிய ஹார்டுவேருக்கு ஆதரவு தருவதற்காக உபுண்டுவே இப்படிச் செய்கிறது. வெளியே பெயர் அதேதான், உள்ளே இன்ஜின் வேறு.

இது புரோகிராமர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேரளாவின் அரசுப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ் ஓடுகிறது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலும் விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்டது.

அப்டேட்டுக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று விதமாகச் சம்பந்தம் இருக்கலாம்.

ஒன்று, கெர்னலிலேயே பிழை இருக்கலாம். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கெர்னல் தப்பாக எழுதுகிறது.

இரண்டு, கெர்னலும் டிஸ்க்கும் தனித்தனியே சரி, சேர்ந்தால் சண்டை. புதிய கெர்னல் பேட்டரியை மிச்சப்படுத்த டிஸ்க்கை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்புகிறது. டிஸ்க்குக்குள் இருக்கும் ஃபர்ம்வேருக்கு அதிலிருந்து எழுந்து வரத் தெரியவில்லை. விளைவு, ஹேங்.

மூன்று, அப்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லை. டிஸ்க் ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்தது. அப்டேட் என்பது பெரிய அளவில் எழுதி, படித்து, ரீஸ்டார்ட் செய்யும் வேலை. அதனால் மறைந்திருந்த கோளாறு அன்றைக்கு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த மூன்றாவதை நம் மனசு எளிதில் ஏற்காது. 'அப்டேட் போட்ட பிறகுதானே வந்தது?' என்று கேட்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை அப்டேட் போடுபவரின் டிஸ்க் எந்த நாளில் செத்தாலும், அது ஏதோ ஒரு அப்டேட் போட்ட 7 நாளுக்குள்தான் செத்திருக்கும். பல லட்சம் ஹார்டு டிஸ்க்குகளை இயக்கும் அமெரிக்க நிறுவனம் பேக்பிளேஸ், தன் டிஸ்க்குகளில் 2024-ல் பழுதானவற்றின் ஆண்டு விகிதம் 1.57% என்று வெளியிட்டது. நூற்றுக்கு ஒன்றிரண்டு என்பது சின்ன எண்தான். ஆனால் கோடிக்கணக்கானோர் ஒரே வாரத்தில் அப்டேட் போடும்போது, அதே வாரத்தில் தற்செயலாகச் சாகும் டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தில் புகார் எழுதினால், அது 'அப்டேட்டால் வந்த வினை' போலவே தெரியும்.

இதற்கு முன் நடந்தபோது தப்பு யார் மீது?

2015 முதல் நடந்த 5 சம்பவங்களைப் பார்த்தால், சந்தேகம் முதலில் விழுந்த இடமும் கடைசியில் தப்பு இருந்த இடமும் பல தடவை வேறு வேறு.

2015, சாம்சங் எஸ்எஸ்டி: அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில், ஃபைல்களின் நடுவே சில பகுதிகள் வெறும் பூஜ்யமாக மாறின. சாம்சங் டிஸ்க்குகள் மீது சந்தேகம் விழுந்தது, செய்தியும் பரவியது. சாம்சங் பொறியாளர்கள் ஆராய்ந்தபோது, பிழை லினக்ஸ் கெர்னலில் இருப்பது தெரிந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் 'ரெய்டு' பகுதியில் இருந்த அந்தப் பிழைக்கான திருத்தத்தையும் அவர்களே அனுப்பினார்கள்.

2017, உறக்கப் பிரச்சினை: லினக்ஸ் 4.11, என்விஎம்இ டிஸ்க்குகளைத் தானாக உறங்க வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பேட்டரிக்கு நல்லது. ஆனால் டெல்லின் இரண்டு லேப்டாப் மாடல்களில் இருந்த ஒரு வகை சாம்சங் டிஸ்க், ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனதும் திடீரென்று இணைப்பிலிருந்தே காணாமல் போனது. அந்த ஜோடிக்கு மட்டும் ஆழ்ந்த உறக்கத்தைத் தவிர்க்கும்படி கெர்னலில் விதிவிலக்கு எழுதப்பட்டது.

2018, லினக்ஸ் 4.19: அக்டோபரில் வெளியானது. சில வாரங்களிலேயே ஃபைல் சிஸ்டம் சிதைவதாகப் புகார்கள். பிழைச் செய்திகளில் 'எக்ஸ்ட்-4' என்ற பெயர் இருந்ததால், அந்த ஃபைல் சிஸ்டம் மீதே எல்லோருக்கும் சந்தேகம். கடைசியில் பிழை இருந்தது அதற்குக் கீழே, டிஸ்க்குக்குக் கோரிக்கைகளை அனுப்பும் அடுக்கில். டிசம்பர் தொடக்கத்தில் 4.19.8-ல் சரிசெய்யப்பட்டது.

2023, டெபியன்: டிசம்பர் 9 அன்று 12.3 பதிப்பு வெளியாக வேண்டும். அதில் இருந்த 6.1.64 கெர்னல் எக்ஸ்ட்-4 ஃபைல்களைச் சிதைக்கக்கூடும் என்று தெரியவந்ததும், இன்ஸ்டால் இமேஜ் வெளியீட்டை டெபியன் நிறுத்தியது. அடுத்த நாளே திருத்தப்பட்ட கெர்னலுடன் 12.4 வந்தது. புதிய கெர்னலிலிருந்து ஒரு திருத்தத்தைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்தபோது, அதோடு வர வேண்டிய இன்னொரு திருத்தம் வரவில்லை. அதுதான் காரணம்.

2024, விண்டோஸ் 11: 24ஹெச்2 அப்டேட்டுக்குப் பிறகு, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 வரிசையின் 2 டிபி டிஸ்க்குகள் உள்ள கணினிகளில் நீலத்திரை வந்தது. இந்த டிஸ்க்குகள் தம் வேலைக்குக் கணினியின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குபவை. முன்பு விண்டோஸ் 64 எம்பி வரை கொடுத்தது. புதிய பதிப்பு அவை கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது. டிஸ்க்கால் அதைச் சமாளிக்க முடியவில்லை. நிறுவனம் ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது.

மாறாக, 2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11-ன் பாதுகாப்பு அப்டேட் எஸ்எஸ்டிகளைக் கொல்கிறது என்ற புகார் உலகம் முழுக்கப் பரவியது. டிஸ்க் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை என்றது. மைக்ரோசாஃப்டும் தொடர்பு எதையும் காணவில்லை என்று அறிவித்தது.

ஆக, பிழைச் செய்தியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: பேக்கப்

ஹேங் ஆகும் லேப்டாப்பில் முதலில் தோன்றுவது 'ஒரு ஸ்கேன் போட்டுப் பார்ப்போம்' என்பதுதான். வேண்டாம். முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்வது, சாகும் டிஸ்க்கை மலையேறச் சொல்வது மாதிரி. அதற்கு மிச்சமிருக்கும் ஆயுளை உங்கள் ஃபைல்களை வெளியே எடுக்கப் பயன்படுத்துங்கள்.

- முடிந்தால் பென் டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து பூட் செய்து நகல் எடுங்கள். சந்தேகத்துக்குரிய டிஸ்க்கை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறங்கள்.
- திரும்பக் கிடைக்காதவை முதலில்: புகைப்படங்கள், ஆவணங்கள், நீங்களே எழுதிய கோட். சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில்.
- நகல் எடுக்கும்போதே எரர் வந்து நின்றால், சாதாரண காப்பி-பேஸ்ட்டைத் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். 'டிடி-ரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும்.
- பழைய பேக்கப் இருந்தால் அதன் மேலேயே புதியதை எழுதாதீர்கள். கெர்னல் பிழையாக இருந்தால், இப்போது எடுக்கும் நகலில் சிதைந்த ஃபைல்கள் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.
- டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால், பாஸ்வேர்டோ ரெக்கவரி கீயோ கையில் இருக்கிறதா என்று அணைப்பதற்கு முன்பே பாருங்கள்.

அலுவலக லேப்டாப் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு ஐடி டீமை அழையுங்கள். மற்ற படிகள் சொந்த லேப்டாப்புக்கு மட்டும்.

படி 2: ஹேங் ஆவது டிஸ்க்கால்தானா?

எல்லா ஹேங்கும் டிஸ்க்கால் வருவதில்லை. கெர்னல் மாறினால், என்விடியா போன்ற தனி கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதற்கேற்ப மறுபடி கட்டப்பட வேண்டும். அது சரியாக நடக்கவில்லை என்றாலும் திரை உறைந்து நிற்கும்.

அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. திரை நின்ற பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறதா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கிராஃபிக்ஸ் மீது சந்தேகப்படலாம். மாறாக, ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோ வேலை செய்கிறது, ஆனால் புதிதாக எதையும் திறக்க முடியவில்லை, சேவ் செய்தால் அங்கேயே நிற்கிறது என்றால், டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று பொருள். சரியாக 30 விநாடி நின்று பிறகு ஓடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஏனென்றால் லினக்ஸ் ஒரு டிஸ்க்கின் பதிலுக்கு வழக்கமாகக் காத்திருக்கும் நேரமே 30 விநாடிதான். அதற்குப் பிறகு இணைப்பை ரீசெட் செய்துவிடும்.

ஹேங் ஆனதும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் கடைசி வழி. அதற்கு முன்பு, ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன்களைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எழுத வேண்டியதை எழுதி முடி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்று, ரீஸ்டார்ட் செய் என்று இவை கெர்னலுக்கு நேரடியாகப் போகும் கட்டளைகள். உபுண்டுவில் இந்த மூன்றும் வழக்கமாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும்.

படி 3: கெர்னல் என்ன எழுதி வைத்திருக்கிறது?

கெர்னல் தனக்கு நடந்ததை எல்லாம் பதிவு செய்யும். இப்போதைய பூட்டின் பதிவை 'டிமெசேஜ்' கட்டளை காட்டும். ஹேங் ஆனது போன முறை பூட் செய்தபோது என்றால், 'ஜர்னல்-சிடிஎல்' கட்டளையுடன் கெர்னலுக்கான 'கே' விருப்பத்தையும், பூட்டுக்கான 'பி' விருப்பத்தையும், மைனஸ் 1 என்ற எண்ணையும் சேர்த்தால் கிடைக்கும். டிஸ்க்கே நின்றுவிட்டால் கடைசி சில வரிகள் பதிவாகியிருக்காது. அதனால் திரையில் எரர் தெரிந்தால் உடனே மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பதிவில் எதைத் தேட வேண்டும்?

- ஐ/ஓ எரர், அதோடு செக்டர் எண்: டிஸ்க்கிலிருந்து படிக்கவோ எழுதவோ முடியவில்லை. ஒரே செக்டர் எண் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்கின் அந்த இடம் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.
- என்விஎம்இ டைம்அவுட், கன்ட்ரோலர் ரீசெட், கன்ட்ரோலர் டவுன்: டிஸ்க் பதிலே சொல்லாமல் போய்விட்டது. லேப்டாப்பைச் சும்மா வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது இது நடந்தால், உறக்கப் பிரச்சினையை முதலில் சந்தேகப்படுங்கள்.
- ஏடிஏ, ஹார்டு ரீசெட்டிங் லிங்க்: சாட்டா டிஸ்க்கின் இணைப்பு அறுந்து மறுபடி சேர்கிறது. கேபிள், போர்ட், மின்சேமிப்பு அமைப்பு என மூன்றையும் பார்க்க வேண்டும்.
- எக்ஸ்ட்-4 எரர், ரீமவுன்ட்டிங் ரீட்-ஒன்லி: ஃபைல் சிஸ்டத்தில் முரண்பாடு தெரிந்ததால், மேலும் சேதமாகாமல் இருக்கக் கெர்னல் எழுதுவதை நிறுத்திவிட்டது. இதற்கு முன்னால் ஐ/ஓ எரர் எதுவுமே இல்லை என்றால் கவனியுங்கள். டிஸ்க் புகார் சொல்லவில்லை, ஆனால் எழுதப்பட்ட தகவல் தப்பாக இருக்கிறது. கெர்னல் பிழையோ ரேம் கோளாறோ இருக்கலாம்.
- பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்: ஏதோ ஒரு புரோகிராம் 2 நிமிடத்துக்கு மேல் காத்துக் கிடக்கிறது. இது விளைவு மட்டும்தான். காரணம் இதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கும்.

படி 4: டிஸ்க் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதன் பெயர் 'ஸ்மார்ட்'. லினக்ஸில் 'ஸ்மார்ட்-சிடிஎல்' கட்டளையிலும், விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவிகளிலும் பார்க்கலாம். 'பாஸ்' என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எண்களைப் பாருங்கள்.

- 5: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள்.
- 197: படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ள செக்டர்கள்.
- 198: எவ்வளவு முயன்றும் சரிசெய்ய முடியாதவை.
- 199: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் ஏற்பட்ட பிழைகள். இது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மீது தப்பில்லை, கேபிள் மீதுதான்.

என்விஎம்இ டிஸ்க்குகளில் இந்த எண் வரிசை இருக்காது. அங்கே 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' என்ற வரி 0 ஆக இருக்க வேண்டும். 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்' என்பது ஒழுங்காக அணைக்கப்படாமல் கரன்ட் போன தடவைகள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இது வேகமாக ஏறும்.

ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டு, 2 நாள் கழித்து மறுபடி பாருங்கள். 5-ல் 8 என்று வருடக்கணக்காக அசையாமல் இருப்பது ஒன்று. நேற்று 8, இன்று 40 என்பது வேறு.

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் டிஸ்க் நிரபராதியா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பேக்பிளேஸ் 2016-ல் வெளியிட்ட கணக்கில், செத்துப்போன டிஸ்க்குகளில் 76.7% முக்கியமான 5 ஸ்மார்ட் எண்களில் ஒன்றிலாவது எச்சரிக்கை காட்டியிருந்தன. அதாவது, நாலில் ஒன்று எந்த எச்சரிக்கையும் தராமலே செத்தது. மறுபக்கம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளில் எச்சரிக்கை இருந்தவை 4.2% மட்டுமே. எனவே எண் ஏறினால் நம்பலாம். ஏறவில்லை என்றால் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான்.

படி 5: பழைய கெர்னலில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸின் பெரிய வசதி இது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை புதிய கெர்னலைப் போடும்போது பழையதையும் விட்டுவைக்கும். ஃபெடோரா வழக்கமாக 3 வைத்திருக்கும். ஆர்ச் லினக்ஸில் பழையது தங்காது என்பதால், அதைப் பயன்படுத்துபவர்கள் நீண்டகால ஆதரவுள்ள 'எல்டிஎஸ்' கெர்னலையும் கூடவே போட்டு வைப்பது நல்லது.

உபுண்டுவில் ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனை அழுத்தினால் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்) கிரப் மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் பழைய எண்ணுள்ள கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.

எத்தனை நாள் பார்க்க வேண்டும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சராசரியாகத் தினம் ஒருமுறை, ஒழுங்கே இல்லாமல் ஹேங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரச்சினை தீராமலே, வெறும் அதிர்ஷ்டத்தால் ஒரு நாள் முழுக்க ஹேங் ஆகாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 37%. மூன்று நாட்கள் தொடர்ந்து அப்படித் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 5% தான். எனவே ஒரு நாள் ஓடியதும் 'சரியாயிடுச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆனதோ, அதைப்போல் 3 மடங்கு நாட்கள் பாருங்கள். அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள். கெர்னல், கேபிள், டிரைவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இப்போது முடிவுக்கு வரலாம்:

- புதியதில் மட்டும் ஹேங், ஸ்மார்ட் சுத்தம்: கெர்னல் பிழை, அல்லது கெர்னலுக்கும் ஃபர்ம்வேருக்கும் ஒத்துவரவில்லை. டிஸ்க், லேப்டாப் நிறுவனங்களின் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். என்விஎம்இ உறக்கம்தான் சந்தேகம் என்றால், கெர்னலின் பூட் வரியில் அதை நிறுத்தும் அமைப்பைச் சேர்த்துச் சோதிக்கலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், வேறு கெடுதல் இல்லை.
- இரண்டிலும் எரர், ஸ்மார்ட் எண் ஏறுகிறது: டிஸ்க் மாற்றும் நேரம். அப்டேட் மீது பழி போட வேண்டாம்.
- இரண்டிலும் எரர், 199 மட்டும் ஏறுகிறது: முதலில் கேபிளை மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு.
- இரண்டிலும் பிரச்சினை, ஆனால் ஐ/ஓ எரரும் இல்லை, ஸ்மார்ட்டும் சுத்தம்: ரேமை மெம்டெஸ்ட் கருவியில் ஒரு இரவு முழுக்கச் சோதியுங்கள். இல்லையென்றால், புதிய கெர்னல் ஓடியபோது ஏற்பட்ட சிதைவு அப்படியே மிச்சம் இருக்கலாம்.

கடைசியில் சொன்னதை மறக்க வேண்டாம். பழைய கெர்னலுக்குத் திரும்பினால் புதிய சேதம் நிற்கும், நடந்த சேதம் மாறாது. 2018 பிழையில் சிக்கியவர்களுக்கும் இதுதான் நிலை. திருத்தம் வந்த பிறகும், கெட்டுப்போன ஃபைல்களைப் பேக்கப்பிலிருந்துதான் எடுக்க முடியும்.

படி 6: இப்போதுதான் பழுது பார்ப்பது

ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே' போன்ற கருவிகள் டிஸ்க்கில் எழுதக்கூடியவை. ஆடிப்போன டிஸ்க்கிலோ, தப்பாக எழுதும் கெர்னலிலோ அவற்றை ஓட்டினால் இருப்பதும் போய்விடலாம். அதனால் பேக்கப் கையில், நம்பகமான கெர்னலில், லைவ் பென் டிரைவிலிருந்து மட்டும் செய்யுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷன் மீது ஒருபோதும் ஓட்டக் கூடாது.

எக்ஸ்ட்-4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுக்கும் உள்ள கருவிகளில் 'என்' என்ற விருப்பம் உண்டு. எதையும் மாற்றாமல், என்ன கோளாறு என்று மட்டும் சொல்லும். முதலில் அதை ஓட்டுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் 'ஸ்க்ரப்' கட்டளைதான் முதல் வழி. அதன் 'ரிப்பேர்' விருப்பத்தை விவரம் தெரிந்தவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

வரிசை அதேதான், கருவிகள் மட்டும் வேறு. ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, டிஸ்க் தொடர்பான எண்களைத் தேடுங்கள். 7 என்றால் கெட்ட பிளாக். 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட். 153 என்றால் மறுபடி முயன்றது. 41 என்பது ஒழுங்காக அணைக்காமல் ரீஸ்டார்ட் ஆனதை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

மாதாந்திர அப்டேட்டை செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் செய்து பார்க்கலாம். 24ஹெச்2 போன்ற பெரிய அப்டேட் என்றால், பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாட்கள்தான் அவகாசம். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். திரும்பும் முன்பு பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள். 'செக்டிஸ்க்' பழுது பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

வாரன்டியில் டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கும் அதில் உள்ள தகவலும் பொதுவாக உங்களிடம் திரும்பி வராது. கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள். ஸ்மார்ட் அறிக்கை, எரர் வரிகளின் படம், எந்தத் தேதியில் எந்த அப்டேட் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். 'ஓஎஸ்ஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லி, எதையும் சோதிக்காமல் டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வந்தால், இந்தக் காகிதங்கள் உதவும்.

அப்போ அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமா?

கூடாது. மேலே பார்த்த கெர்னல் பிழைகள் செய்தியானதே அவை அரிது என்பதால்தான். ஆனால் கெர்னல் அப்டேட்களில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. பிரச்சினை தரும் ஒரு பதிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். உபுண்டு, டெபியனில் 'ஏபிடி-மார்க் ஹோல்டு' கட்டளை அதைச் செய்யும். திருத்தப்பட்ட பதிப்பு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

கெர்னல்தான் காரணம் என்று உங்கள் சோதனையில் தெரிந்தால், உங்கள் லினக்ஸ் பதிப்பின் பிழைப் பதிவுத் தளத்தில் எழுதுங்கள். எந்தக் கெர்னல் எண்ணில் வேலை செய்தது, எதில் செய்யவில்லை, என்ன டிஸ்க், என்ன ஃபர்ம்வேர் என்ற 4 தகவல்கள் போதும். 2018 பிழை பிடிபட்டதில் சாதாரணப் பயனர்களுக்கும் பங்கு உண்டு. எந்த மாற்றத்தில் சிதைவு தொடங்குகிறது என்பதை, கெர்னலைத் திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டுச் சோதித்தவர்களே நெருங்கிக் காட்டினார்கள்.

அடுத்த முறை அப்டேட் கேட்கும்போது 'சரி' கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: கடைசியாகப் பேக்கப் எடுத்தது எந்தத் தேதி? அந்தத் தேதிக்குப் பிறகு சேர்த்ததைத்தான், தப்பு யார் மீது இருந்தாலும், நீங்கள் இழக்கக்கூடும்.